கைக்கு முன் கோல்: மின்தேக்கியை வெறுமையாக்கும் வழக்கத்தின் வரலாறு

மின்தேக்கி என்பது, ஒன்றையொன்று தொடாத இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருளை வைத்து, ஒரு பரப்பில் நேர்மின்னூட்டத்தையும் மறு பரப்பில் அதற்கு ஈடான எதிர்மின்னூட்டத்தையும் தேக்கிவைக்கும் அமைப்பாகும். மின்விசிறி சுற்ற மறுக்கும்போது கடையில் ‘கன்டென்சர்’ என்று கேட்டு வாங்கப்படும் சிறு டப்பியிலிருந்து, துணை மின்நிலையங்களின் இரும்புச் சட்டங்களில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் பெட்டிகள் வரை யாவும் இந்த ஒரே அமைப்பின் வடிவங்கள். மின்கலம் வேதிவினையின் நடைக்கேற்ப மெல்லக் கொடுப்பதை, மின்தேக்கி வழி கிடைத்த கணத்திலேயே கொட்டிவிடும். வழி கிடைக்காவிட்டால், இணைப்பைத் துண்டித்து நெடுநேரம் ஆன பின்னும் அதைத் தன்னிடமே வைத்திருக்கும். ஆகவே அதைத் தொடுமுன் இரு பரப்புகளையும் உடலல்லாத வேறொரு வழியில் இணைத்துத் தேங்கியதை வடித்துவிடும் வழக்கம், அதாவது மின்னிறக்கம் செய்யும் வழக்கம், உருவாயிற்று. மனிதக் கை முதலில் மின்தேக்கியின் ஓர் உறுப்பாகவே இருந்து, பின்னர் கோலுக்கும், தடையத்துக்கும், எழுதப்பட்ட விதிக்கும் சிறிது சிறிதாக இடம்விட்டு விலகிய கதையாகவே அந்த வழக்கத்தின் வரலாற்றைக் கொள்ளலாம்.

1745ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று, பொமரேனியாவின் காமின் நகரத் திருச்சபைத் தலைவர்களுள் ஒருவரான எவால்ட் கேயோர்க் ஃபான் கிளைஸ்ட், ஒரு சிறு மருந்துக் குப்பிக்குள் ஆணி ஒன்றைச் செருகி, அதை உராய்வு மின்பொறியோடு சேர்த்து மின்னேற்றினார். உராய்வு மின்பொறி என்பது சுழலும் கண்ணாடிக் கோளத்தையோ உருளையையோ கையாலோ தோலாலோ உரசச் செய்து மின்னூட்டம் திரட்டும் அக்காலக் கருவி. ஒரு கையில் குப்பியைப் பிடித்தபடி மறு கையால் ஆணியைத் தொட்டபோது, அவருடைய கையும் தோளும் மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ச்சி ஏற்பட்டது. இதை அவர் பல அறிஞர்களுக்கு எழுதித் தெரிவித்தும், பெரும்பாலோரால் அதைத் திரும்பச் செய்துகாட்ட இயலவில்லை. குப்பியைக் கையில் பிடித்திருப்பதே இன்றியமையாத நிபந்தனை என்பதை அக்கடிதங்கள் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை.

அந்த நிபந்தனை கண்ணில் படாமல் போனதற்குத் தக்க காரணம் இருந்தது. மின்னூட்டத்தைச் சேர்க்க வேண்டிய பொருளைக் கண்ணாடி, மெழுகு, பட்டு போன்ற கடத்தாப் பொருள்களின் மேல் வைத்துத் தரையிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்பதே, பிரெஞ்சு அறிஞர் துஃபேயின் ஆய்வுகளுக்குப் பின் கற்றவர் அனைவரும் ஏற்றிருந்த விதி. 1746ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், பேராசிரியர் பீட்டர் ஃபான் முஸ்ஷென்புரூக்கின் ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த வழக்கறிஞர் ஆண்ட்ரியாஸ் குனேயஸ் இந்த விதியை அறியாதவர். நீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தை அவர் இயல்பாகக் கையில் பிடித்துக்கொண்டே மின்னேற்றினார், மறு கையால் கம்பியைத் தொட்டு அடிபட்டார். பின்னர் முஸ்ஷென்புரூக்கே அதைச் செய்து பார்த்து, பிரான்ஸ் நாட்டையே கொடுத்தாலும் இன்னொரு முறை அதற்கு உடன்படப் போவதில்லை என்ற கருத்துப்பட பாரிஸில் இருந்த அறிஞர் ரெயோமூருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தை மொழிபெயர்த்து வெளிப்படுத்திய ஜான் அந்துவான் நொல்லே பாதிரியார் கருவிக்கு லெய்டனின் பெயரைச் சூட்டியதால், காமின் நகரத்துக் குப்பி வரலாற்றில் ‘லெய்டன் சாடி’ ஆயிற்று.

இந்த முதற்சாடிகளில் உட்புறத்து நீர் ஒரு பரப்பாகவும், வெளிப்புறத்தை அணைத்திருந்த உள்ளங்கை மறு பரப்பாகவும் அமைந்தன. நடுவில் இருந்த கண்ணாடியே இரண்டையும் பிரித்தது. அதாவது சாடியைப் பிடித்திருந்தவர் அதைப் பயன்படுத்தியவர் மட்டுமல்லர், அதன் பாதியும் அவரே. அவருடைய மறு கை கம்பியை நெருங்கும் கணத்தில், தேங்கியது முழுவதும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு, நெஞ்சின் குறுக்காகவே பாய்ந்தாக வேண்டியிருந்தது. கண்டுபிடிப்புக்கு எது காரணமோ அதுவே காயத்துக்கும் காரணமாக இருந்தபடியால், பாதுகாப்பு என்ற எண்ணம் எழுவதற்கே முதலில் கையைச் சாடியிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது.

ஆனால் அதிர்ச்சியைத் தவிர்ப்பதற்கு முன், அதைத் தேடிப் பெறும் ஒரு காலம் வந்துபோயிற்று. லைப்சிக் பேராசிரியர் விங்க்ளர், சாடியின் அதிர்ச்சியால் தமக்கு உடல் முழுதும் வலிப்புக் கண்டதையும், இரத்தம் கொதிப்பது போலாகிக் காய்ச்சலுக்கு அஞ்சிக் குளிர்ச்சி மருந்து உண்டதையும், தம் மனைவி இருமுறை தாக்குண்டு நடக்கவும் வலுவற்றுப் போனதையும் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். அவ்வம்மையார் சில நாள் கழித்து மறுபடியும் அதைச் செய்து பார்த்து மூக்கில் இரத்தம் வரப் பெற்றார் என்பதையும் அதே கடிதம் சொல்கிறது. நொல்லே, பதினைந்தாம் லூயி மன்னரின் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து ஒரே சாடியால் துள்ளச் செய்தார். பாரிஸின் கார்த்தூசிய மடத்தில் துறவிகளை இரும்புக் கம்பிகளால் இணைத்து அவர் நிறுத்திய வரிசை 900 துவாஸ், அதாவது ஏறக்குறைய 1,750 மீட்டர் நீண்டிருந்ததாக ஜோசப் பிரீஸ்ட்லி எழுதுகிறார். இந்தக் காட்சிகளில் இறந்தவர் இல்லை என்பதற்கு அளவே காரணம்: ஒரு படிக்கும் குறைவாகக் கொள்ளும் சாடி, 30,000 வோல்ட் வரை ஏற்றப்பட்டாலும், அரை ஜூல் அளவே ஆற்றலைத் தேக்கும். இன்றைய மருத்துவமனைகளில் இதயத் துடிப்பைச் சீராக்க மார்பில் வேண்டுமென்றே செலுத்தப்படும் மின்னிறக்கம் அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது.

அளவு பெருகத் தொடங்கியதும் விளையாட்டு நின்றுபோயிற்று. டான்சிக் நகரின் டேனியல் கிராலாத் 1746லேயே பல சாடிகளை ஒன்றாகச் சேர்த்து அவற்றின் மின்னூட்டத்தை ஒருங்கே வெளியிட்டுக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் இலண்டனில் ஜான் பெவிஸின் யோசனையால் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மெல்லிய உலோகத் தகடு ஒட்டப்பட்டது. வில்லியம் வாட்சன் உட்புறத்துக்கும் தகட்டைக் கொண்டுசென்றார். உள்ளங்கையின் வேலையைத் தகடு ஏற்றுக்கொண்ட அன்றுதான் சாடி தன்னளவில் முழுமையான கருவியாகி, மேசையில் தனித்து நிற்கத் தொடங்கியது. அதைத் தொடுவதும் தொடாதிருப்பதும் மனிதரின் விருப்பமாயிற்று. பாதுகாப்பான மின்னிறக்கத்தின் வரலாறு உண்மையில் இந்தத் தகட்டிலிருந்து தொடங்குகிறது என்று கொள்வதே பொருத்தம்.

சாடிக்குள் எது எங்கே தங்கியிருக்கிறது என்ற வினாவுக்கு விடை தேடியவர் ஃபிலடெல்ஃபியாவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1747இல் எழுதிய கடிதங்களில், உட்பரப்பில் எவ்வளவு மின்னூட்டம் மிகுகிறதோ அவ்வளவு வெளிப்பரப்பில் குறைகிறது என்றும், இரண்டையும் வெளிவழியாக இணைத்தாலன்றிச் சமநிலை திரும்பாது என்றும் அவர் விளக்கினார். இதைக் காட்ட அவர் செய்த சோதனை மிக எளியது. சாடியின் வெளிப்பூச்சிலிருந்து ஒரு கம்பியை உள்கம்பியின் உயரத்துக்கு எழுப்பி, இரண்டுக்கும் இடையே பட்டு நூலில் ஒரு தக்கைத் துண்டைத் தொங்கவிட்டார். தக்கை ஒரு கம்பியைத் தொட்டுச் சிறிது மின்னூட்டம் ஏற்று, விலக்கப்பட்டு மறு கம்பியை அடைந்து அதை இறக்கிவிட்டு, மீண்டும் முதற்கம்பிக்கே ஈர்க்கப்பட்டு, இப்படி ஊசலாடி ஊசலாடிச் சாடியைப் பொறியோ ஓசையோ இன்றி வெறுமையாக்கிற்று. தேக்கியதை ஒரே வீச்சில் கொட்டாமல் சிறுகச் சிறுக வடிக்கலாம் என்பதற்கு இதுவே முதற்சான்று. ஆனால் அதை ஒரு பாதுகாப்பு முறையாகக் கருதும் தேவை அப்போது யாருக்கும் இருக்கவில்லை.

ஃபிராங்க்ளினின் இன்னொரு சோதனை இந்த வரலாற்றுக்கு இன்னும் நெருக்கமானது. மின்னேற்றிய சாடியைக் கண்ணாடியின் மேல் வைத்து, அதன் தக்கையையும் கம்பியையும் நீக்கி, உள்ளிருந்த நீரை வேறொரு குப்பியில் ஊற்றினார். அந்தக் குப்பி எந்த அதிர்ச்சியும் தரவில்லை. காலியான பழைய சாடியில் தேநீர்க் கெண்டியிலிருந்து புதுநீரை ஊற்றித் தொட்டபோது, அது முன்போலவே தாக்கியது. பாத்திரத்தைக் கவிழ்த்துக் காலி செய்வது மின்னூட்டத்தைக் காலி செய்வதாகாது, தேங்கியது நீரிலன்றிக் கண்ணாடியைப் பற்றியே நிற்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். இந்த முடிவில் பிற்காலத்தார் சில திருத்தங்கள் செய்துள்ளனர் எனினும், மின்தேக்கியின் உள்ளீட்டை அகற்றியதும் ஆபத்தும் அகன்றது என்ற எண்ணத்தை அது முறியடித்தது.

இவ்வளவும் அறிந்தவரே 1750 டிசம்பர் 23 அன்று தாக்குண்டார். வான்கோழி ஒன்றை மின்சாரத்தால் கொல்ல முனைந்த ஃபிராங்க்ளின், சாதாரணச் சாடிகள் நாற்பதுக்கு ஈடான மின்னூட்டம் கொண்ட இரண்டு பெருஞ்சாடிகளை ஏற்றி வைத்திருந்தார். கூடியிருந்தவர்கள் அவரோடும் தமக்குள்ளும் பேசிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய ஒரு கை இரு சாடிகளின் மேற்கம்பிகளையும், மறு கை வெளிப்பூச்சுகளோடு இணைந்த சங்கிலியையும் பற்றிவிட்டது. கைத்துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையும் பேரொளியும் எழுந்ததாகப் பார்த்தவர்கள் கூறினர். அவரோ எதையும் பார்க்கவும் கேட்கவும் இல்லை. உணர்வு திரும்பிய பின்னும் கைகளும் பிடரியும் நெடுநேரம் மரத்திருந்தன, பொறி நுழைந்த இடத்தில் கை துப்பாக்கிக் குண்டின் பாதியளவு வீங்கியது. இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் அவர் அதை விவரித்திருக்கும் விதம், அறியாமையை அன்றிக் கவனச் சிதறலையே குற்றம் சாட்டுகிறது. இன்றைய தொழிற்சாலை விபத்து அறிக்கைகள் பலவும் இந்தக் கடிதத்திலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை.

பெருஞ்சாடித் தொகுப்புகள் பரவிய 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கருவி செய்வோர் அவற்றோடு ‘மின்னிறக்கி’ என்ற துணைக்கருவியையும் சேர்த்தே விற்றனர். வளைந்த இரண்டு பித்தளைக் கோல்கள், நடுவில் கவராயத்தைப் போல விரிந்து மடங்கும் கீல், கோல்களின் நுனிகளில் வழவழப்பான பித்தளைக் குண்டுகள், கீலுக்குக் கீழே கண்ணாடிப் பிடி, இவ்வளவே அதன் அமைப்பு. நுனிகள் கூராக இல்லாமல் குண்டாக இருப்பதற்குக் காரணம், கூர்முனை தூரத்திலிருந்தே மின்னூட்டத்தைக் காற்றில் கசியவிடும் என்பதாகும். பயன்படுத்தும் ஒழுங்கும் வகுக்கப்பட்டிருந்தது: முதலில் ஒரு குண்டைச் சாடியின் வெளிப்பூச்சில் பதித்து, அதைப் பெயராமல் வைத்துக்கொண்டே மறு குண்டை உட்கம்பியின் தலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாற்றிச் செய்தால், கோல் முழுவதும் உட்கம்பியின் உயர் மின்னழுத்தத்தைப் பெற்று, அடுத்துப் பொறி எங்கே பாயும் என்பது கையின் நடுக்கத்தைப் பொறுத்ததாகிவிடும். தாழ்ந்த பக்கத்தை முதலில் இணைத்து உயர்ந்த பக்கத்தைக் கடைசியாகத் தொடும் அந்த ஒழுங்கு, நிலத்தொடுப்புக் கம்பியை முதலில் மாட்டிவிட்டுப் பின்னரே கோலின் கொக்கியை முனையத்தில் மாட்டும் இன்றைய மின்பணியாளரின் நடைமுறையில் மாறாமல் தொடர்கிறது.

இதே காலத்தில், 1767இல், இலண்டன் மருந்தாளுநர் டிமொதி லேன் செய்த கருவி வேறொரு வழியைக் காட்டியது. சாடியின் உட்கம்பிக்கு எதிரே, நகர்த்தக்கூடிய ஒரு குண்டைத் திருகாணியால் குறித்த இடைவெளியில் நிறுத்திவிட்டால், மின்னூட்டம் அந்த இடைவெளியைத் தாண்டும் அளவை எட்டியதும் சாடி தானே வெடித்து வெறுமையாகும். மருத்துவத்துக்காக அதிர்ச்சியின் அளவை நிறுக்கவே லேன் இதைச் செய்தார்; ஆயினும் மனிதர் யாரும் தொடாமலே குறிப்பிட்ட எல்லையில் மின்தேக்கியைக் காலியாக்கும் முதல் அமைப்பு இதுவாயிற்று. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்காக ஜான் கத்பர்ட்சன் 1784இல் செய்துகொடுத்த, 1.65 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வட்டுகள் கொண்ட மாபெரும் மின்பொறியையும் அதன் சாடித் தொகுப்பையும் கொண்டு மார்ட்டினஸ் ஃபான் மாரும் உலோகக் கம்பிகளை உருக்கி ஆவியாக்கிக் காட்டியபோது, அந்தத் தொகுப்பை வெறுங்கையால் நெருங்கலாம் என்று எண்ணியவர் எவரும் இருந்திருக்க முடியாது.

இத்துடன் வழக்கம் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஒருமுறை முறையாக மின்னிறக்கம் செய்த சாடியைச் சில நிமிடம் தனியே விட்டுவிட்டு மறுபடி தொட்டால், முன்னதைவிடச் சிறியதாயினும் ஐயமற்ற ஒரு பொறி மீண்டும் எழும். இன்னும் காத்திருந்தால் மூன்றாவதும் எழலாம். எச்ச மின்னூட்டம் எனப்பட்ட இந்த நிகழ்வு பெருந்தொகுப்புகளைக் கையாண்டவர்களுக்கு முன்பே பழக்கமானது, ஆனால் 1854இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கோல்ரௌஷ் அதை அளந்து ஆராயும் வரை அது ஒரு தொல்லையாகவே கருதப்பட்டது. 1873இல் வெளிவந்த தம் பெருநூலில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல், வெவ்வேறு கடத்துதிறன் கொண்ட அடுக்குகள் கலந்த கடத்தாப் பொருள் ஒன்றில் மின்னூட்டம் அடுக்குகளின் எல்லைகளில் மெல்லச் சென்று தங்கி, பின் அதே மெதுவோடு திரும்பக்கூடும் என்று காட்டினார்.

அதைத் தொடர்ந்து எடுத்தவர் ஜான் ஹாப்கின்சன். பர்மிங்காமுக்கு அருகில் சான்ஸ் சகோதரர்களின் கண்ணாடித் தொழிற்சாலையில், கலங்கரை விளக்கப் பிரிவின் பொறியாளராக இருந்த அவருக்குக் கண்ணாடியின் குணங்கள் அன்றாடத் தொழிற்பொருள். 1876, 1877ஆம் ஆண்டுகளில் அரச கழகத்தில் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் கண்டறிந்தவை இரண்டு. சாடியைத் தட்டினால் எச்ச மின்னூட்டம் விரைந்து வெளிவருகிறது. முறுக்கிவிட்ட இழை தன் பழைய நிலைக்கு உடனே திரும்பாமல் நெடுநேரம் நெளிந்து திரும்புவதற்கும் இதற்கும் உறவிருப்பதாக இது காட்டியது. சாடியை நெடுநேரம் ஒரு திசையில் ஏற்றி, பிறகு சிறிது நேரம் எதிர்த்திசையில் ஏற்றி இறக்கினால், திரும்பிவரும் எச்சம் முதலில் ஒரு குறியிலும் பின்னர் அதற்கு மாறான குறியிலும் தோன்றுகிறது என்பது மற்றொன்று. கடத்தாப் பொருள் தனக்கு நேர்ந்தவற்றைக் கால வரிசையில் தாங்கி நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை. கைவினைஞரின் பார்வையில் இதன் பொருள் எளிது: ஒரே ஒருமுறை தொட்டு எடுத்த கோலை நம்பக்கூடாது.

கோல்ரௌஷின் ஆய்வு வெளிவந்த அதே 1854இன் ஜனவரியில், மைக்கேல் ஃபாரடே இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவொன்று, லெய்டன் சாடி எதிர்பாராத வடிவங்களிலும் பிறக்கும் என்பதை வெளிப்படுத்தியது. மலாயாக் காடுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவால் போர்த்திய நூறு மைல் நீளத் தந்திக் கம்பி நீரில் அமிழ்த்தப்பட்டபோது, செம்புக் கம்பி உட்பூச்சாகவும், சூழ்ந்த நீர் வெளிப்பூச்சாகவும், மரப்பால் கண்ணாடியாகவும் ஆகி, முழுக் கம்பியும் ஒரே பெருஞ்சாடியாக நடந்துகொண்டது. உட்பரப்பு ஏறக்குறைய 8,300 சதுர அடி, வெளிப்பரப்பு 33,000 சதுர அடி என்று ஃபாரடே கணக்கிட்டார். மின்கல அடுக்கிலிருந்து பிரித்த பின்னும் அதன் முனையைத் தொட்டவர் தாக்குண்டார். விரைந்து தட்டித் தட்டித் தொட்டதில், ஒரே ஏற்றத்திலிருந்து நாற்பது உணரத்தக்க அதிர்ச்சிகளை ஃபாரடே பெற்றார். நீண்ட கம்பிவடம் எதுவும் மின்தேக்கியே என்பதும், சோதித்து முடித்த வடத்தின் முனையை நிலத்தோடு இணைத்து வைக்காமல் கையில் எடுக்கலாகாது என்பதும் அன்றிலிருந்து கம்பிவடத் தொழிலின் பாடமாயின.

20ஆம் நூற்றாண்டில் ஆபத்தின் தோற்றம் மாறியது. லெய்டன் சாடி தன் நிலையை மறைக்கத் தெரியாத கருவி: ஏறியிருக்கும்போது மெல்லச் சீறும், அருகில் கொண்டுசென்ற கையின் மயிர் சிலிர்க்கும், இருளில் விளிம்பு ஒளிரும். மின்னிணைப்பில் ஓடும் வானொலிப் பெட்டிகளோடு 1920களின் இறுதியிலும் 1930களிலும் வீடுகளுக்குள் வந்த மின்பகுளி மின்தேக்கியோ, அலுமினியப் புட்டிக்குள் சுருட்டி அடைத்த தகடும் உப்புக் கரைசலில் தோய்ந்த தாளுமாக, 400 வோல்ட்டைத் தாங்கி நிற்கும்போதும் எந்த அடையாளமும் காட்டாது. தகட்டின் மேல் வேதிமுறையில் படரவிடப்படும் ஆக்சைடு படலமே அதில் கடத்தாப் பொருள்; படலம் மிக மெல்லியதாதலால் சிறிய இடத்தில் பெரும் கொள்ளளவு கிடைக்கிறது. பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியதும் மின்சாரம் போய்விட்டது என்று பயன்படுத்துவோர் நம்பினர், அந்த நம்பிக்கையைப் பொய்யென்று காட்ட உள்ளே எதுவும் சீறவில்லை.

இதற்கு விடையாக வந்தது ‘பிளீடர்’ எனப்படும் வடிகால் தடையம். மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே நிரந்தரமாக இணைக்கப்படும் உயர் மின்தடை இது. பெட்டி ஓடும்போது சிறிதளவு மின்சாரத்தை வீணாக்கிக்கொண்டே இருந்து, நிறுத்தியதும் தேங்கியதை வடித்துவிடும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு 1 லட்சம் ஓம் தடையம் போட்டால், ஒவ்வொரு 10 நொடிக்கும் மின்னழுத்தம் முன்னிருந்ததில் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைகிறது. 400 வோல்ட் 50 நொடியில் 3 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலை, ஓடும் நேரம் முழுவதும் 1.6 வாட் வெப்பம். ஃபிராங்க்ளினின் தக்கை செய்த வேலையைத்தான் இந்தச் சிறு உருளை செய்கிறது, யாரும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய தேவையின்றிச் செய்கிறது. கோலைவிட இதுவே இந்த வரலாற்றின் பெரிய முன்னேற்றம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனாலும் அதன் குறை அதன் அமைதியிலேயே இருக்கிறது: உள்ளிணைப்பு அறுந்துபோன தடையம் வெளிப்பார்வைக்கு நல்ல தடையத்தைப் போலவே இருக்கும், பெட்டியும் வழக்கம்போல ஓடும், வடிகால் அடைபட்டது மட்டும் அடுத்துத் தொடும் கைக்கே தெரியவரும்.

தொலைக்காட்சி, பழைய லெய்டன் சாடியை அச்சு மாறாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தது. படக்குழலின் புனல் வடிவக் கண்ணாடியில் உள்ளும் புறமும் கரிப்பூச்சு பூசப்பட்டிருக்கும். வண்ணப் பெட்டிகளில் உட்பூச்சு 20,000 முதல் 27,000 வோல்ட் வரை ஏற்றப்படும், வெளிப்பூச்சு பின்னல் கம்பியால் நிலத்தோடு இணைந்திருக்கும். குழலுக்குள் வெற்றிடமாதலால், பெட்டியை நிறுத்திய பின் உட்பூச்சின் மின்னூட்டத்துக்குப் போக்கிடம் அரிது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதை அடுத்துத் தமிழகத்து ஊர்களில் பெருகிய பழுதுபார்க்கும் கடைகளில், பிக்சர் டியூபின் உட்பூச்சுக்கு இணைப்புத் தரும் ரப்பர் மூடியான அனோடு கேப்பைக் கழற்றும் முன் செய்யப்பட்டது இதுதான்: நீண்ட ஸ்குரூ டிரைவரின் தண்டில் வயர் ஒன்றைச் சுற்றி, அதன் மறுமுனையை முதலில் வெளிப்பூச்சின் பின்னலில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தட்டை நுனியை ரப்பர் மூடிக்கு அடியில் ‘டப்’ என்ற ஓசை கேட்கும் வரை நுழைப்பது. வெளிப்பூச்சு முதலில், உட்கம்பி பிறகு என்ற ஒழுங்கும், உடலின் குறுக்கே வழி அமையாமல் பார்த்துக்கொள்வதும் அதில் அப்படியே இருந்தன. சில நிமிடம் கழித்து மறுபடியும் ஒருமுறை நுழைக்க வேண்டும் என்று மூத்தவர்கள் கற்றுக்கொடுத்ததற்குக் காரணம் கண்ணாடியின் எச்ச மின்னூட்டமே. ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடி இத்தனை ஆயிரம் வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டதன்று என்பதால், 18ஆம் நூற்றாண்டின் கண்ணாடிப் பிடியோடு ஒப்பிட்டால் இதைப் பின்னடைவு என்றே சொல்ல வேண்டும்.

மின்பகுளி மின்தேக்கிகளுக்கு இதே ஸ்குரூ டிரைவரைப் பயன்படுத்தி இரு முனைகளையும் நேரே குறுக்கிடுவது அதைவிடத் தவறான பழக்கம். குறைந்த மின்னழுத்தத்தில் பெரும் மின்னூட்டம் தேங்கியிருக்கையில், தடையற்ற வழி கிடைத்தால் பல நூறு ஆம்பியர் கணநேரம் பாயும். நுனி உருகித் தெறிக்கும், மின்தேக்கியின் உள்ளிணைப்பும் பழுதாகும். கடைகளில் கைதேர்ந்தவர்கள் 100 வாட் குண்டு பல்பின் இரு வயர்களை முனைகளில் வைத்து, அது மின்னி அணைவதைப் பார்ப்பதையே விரும்பினர். பல்பின் இழை தடையமாகவும், அதன் ஒளி சான்றாகவும் ஒருங்கே உதவியது.

தொழிற்சாலை மோட்டார்களின் திறன்காரணியைச் சீராக்கும் மின்தேக்கிகள், அதாவது மோட்டார்கள் வாங்கித் திருப்பியனுப்பும் பயனற்ற மின்னோட்டத்தை அருகிலேயே ஈடுசெய்யும் மின்தேக்கிகள், பெருகிய பின்னர், வழக்கமாக இருந்தது எண்களோடு கூடிய விதியாயிற்று. அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பு நெடுங்காலம் வகுத்திருந்தபடி, 600 வோல்ட் வரையிலான மின்தேக்கி, இணைப்பு நீங்கிய 1 நிமிடத்துக்குள் 50 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும், அதற்கு மேற்பட்டதற்கு 5 நிமிடம். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலைகள் எல்லையை 75 வோல்ட்டாகக் கொண்டு, தாழ்வழுத்த மின்தேக்கிக்கு 3 நிமிடமும் உயரழுத்த மின்தேக்கிக்கு 10 நிமிடமும் அளிக்கின்றன. இந்த எண்கள் தடையத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளருக்கானவை; தொடப்போகும் பணியாளர், நேரம் கழிந்த பின்னும் முனைகளைக் குறுக்கிட்டு நிலத்தோடு இணைத்தே தொட வேண்டும் என்று அதே நூல்கள் தனியே சொல்கின்றன.

பெருந்தொகுப்புகளில் இந்தத் தனிக்குறிப்பு எவ்வளவு தேவையானது என்பதற்கு ஓர் அமைப்பைக் காட்டலாம். பல மின்தேக்கிகளைத் தொடராக இணைத்த ஒரு வரிசையின் இரு கோடிகளையும் இணைத்தால், கோடிகளுக்கிடையே மின்னழுத்தம் பூச்சியமாகிவிடும். ஆயினும் நடுவிலுள்ள ஒன்று நேர்த்திசையிலும் அடுத்தது எதிர்த்திசையிலும் ஏறி நின்று, கூட்டுத்தொகை மட்டும் பூச்சியமாக இருக்கக்கூடும். உருகி எரிந்து தொகுப்பிலிருந்து பிரிந்துபோன அலகு, கோடிகளை எத்தனை முறை இணைத்தாலும் தன் மின்னூட்டத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். ஆகவே துணை மின்நிலையப் பணியாளர், தொகுப்பின் முனைகளை நிலத்தொடுப்புச் செய்த பின்னும், ஒவ்வொரு அலகின் இரு முனைகளையும் காப்பிட்ட நீண்ட கோலின் கொக்கியால் தனித்தனியே குறுக்கிட்டுச் செல்கிறார். ஆற்றல் மிகுந்த ஆய்வுக்கூடத் தொகுப்புகளில் கோல்கள் இரண்டு வகை: தடையத்தின் வழியே மெல்ல வடிக்கும் முதற்கோல், அதன் பின் எதையும் எஞ்சவிடாத நேர்க்கோல். இரண்டாவது கோல் தொட்டதும் அகற்றப்படுவதில்லை, வேலை முடிந்து கடைசி ஆள் வேலிக்கு வெளியே வரும் வரை முனையத்திலேயே மாட்டியிருக்கும். கிடங்கில் பயனின்றிக் கிடக்கும் பெரிய மின்தேக்கியின் முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் கட்டியே வைக்கிறார்கள். மின்தேக்கியைப் பணியில் மாட்டும் நாளில்தான் அந்தக் கம்பி அவிழ்க்கப்படுகிறது.